ஃப்ரோசன் ஷோல்டருக்குப் பெயர் வைத்த டாக்டர்: ஒரே ஒரு கேள்வியால் காட்மன் வேலையை இழந்தது ஏன்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். தேனி, திண்டுக்கல், ஈரோடு என்று வண்டிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். கூட்டத்தோடு ஏறுபவர்களில் ஐம்பது வயதை ஒட்டிய யாராவது ஒருவர், மேலே உள்ள கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்குவார். பாதியிலேயே முகம் சுளிப்பார். கையை இறக்கிவிட்டு இடது கையால் பிடித்துக்கொள்வார்.

முதலில் எல்லோரும் இதைச் சுளுக்கு என்றுதான் நினைப்பார்கள். தைலம் தேய்ப்பார்கள், சுளுக்கு எடுப்பவரிடம் போவார்கள். தலை சீவ முடியாது, பேண்ட் பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸை எடுக்க முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் டாக்டரைத் தேடுவார்கள். அவர் கையைத் தூக்கிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, சுகர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இது ஃப்ரோசன் ஷோல்டர் என்பார். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுப்பார்.

பிசியோ கிளினிக்கில் பெரும்பாலும் முதல் நாளே ஒரு பயிற்சி சொல்லித் தருவார்கள். நல்ல கையை மேஜையில் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்ட வேண்டும். இதற்குக் காட்மன் எக்ஸர்சைஸ் என்று பெயர். யார் இந்தக் காட்மன்? தோள்பட்டை டாக்டர் என்று மட்டும் சொன்னால் கதையில் பாதி போய்விடும். ஒரு கேள்வியை விடாமல் கேட்டதற்காக ஊரே ஒதுக்கிவைத்த மனிதர் அவர்.

மயக்க மருந்தில் தொடங்கிய பந்தயம்

எர்னஸ்ட் அமோரி காட்மன் 1869 டிசம்பர் 30-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வசதியான பழைய குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஹார்வர்டில் படிப்பு, 1895-ல் டாக்டர் பட்டம். பின்னாளில் நரம்பியல் அறுவை சிகிச்சையின் முன்னோடி என்று கொண்டாடப்பட்ட ஹார்வி குஷிங் இவருடைய வகுப்புத் தோழர்.

அந்தக் காலத்தில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடலில் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கும் வேலையை மருத்துவ மாணவர்களிடமே விட்டுவிடுவார்கள். பெரிய பயிற்சி எல்லாம் கிடையாது. குஷிங் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு குஷிங் உடைந்துபோனார். பிறகு நண்பர்கள் இருவரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். யார் நன்றாக மயக்க மருந்து கொடுக்கிறார்களோ, அவருக்கு மற்றவர் விருந்து வைக்க வேண்டும்.

யார் நன்றாகக் கொடுத்தார் என்று எப்படித் தெரியும்? ஆபரேஷன் நடக்கும்போதே நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தாளில் குறித்துவைத்தார்கள். இன்று உலகம் முழுக்க ஆபரேஷன் தியேட்டர்களில் எழுதப்படும் மயக்க மருந்துப் பதிவேட்டுக்கு இந்த மாணவர்களின் தாள்கள்தான் ஆரம்பம் என்கிறார்கள். குறித்துவைத்தால்தான் தெரியும் என்பது இருபத்தைந்து வயதிலேயே காட்மனுக்குப் பழகிவிட்டது.

1895 கடைசியில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதும் அதிலும் இறங்கினார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் எடுக்கும் பொறுப்பு 1899-ல் இவருக்குக் கிடைத்தது. கதிர் பட்டுத் தோல் கருகியவர்களைப் பற்றி வந்த தகவல்களை எல்லாம் திரட்டி, 1902-ல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் புதிய கருவியைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அதனால் யாருக்கு என்ன கெடுதல் ஆனது என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரே கேள்வி

காட்மன் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளிக்கு ஒரு வருடம் கழித்து உண்மையிலேயே குணமாகியிருக்கிறதா? இல்லை என்றால், ஏன் இல்லை?

இதற்கு அவர் வைத்த பெயர் 'இறுதி விளைவு' முறை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. என்ன தொந்தரவோடு வந்தார், டாக்டர் என்ன நோய் என்று நினைத்தார், என்ன சிகிச்சை கொடுத்தார், இடையில் என்ன சிக்கல் வந்தது, ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சரியாகவில்லை என்றால் காரணத்தையும் எழுத வேண்டும். டாக்டரின் கைத்திறன் போதவில்லையா, கணிப்பு தவறா, கருவி இல்லையா, நோயே அப்படிப்பட்டதா, நோயாளி ஒத்துழைக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இன்று கேட்டால் இதில் என்ன புதுமை என்று தோன்றும். அன்று ஆஸ்பத்திரிகள் வெளியிட்ட ஆண்டறிக்கைகளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஆபரேஷன் நடந்தது, எவ்வளவு செலவானது என்பவைதான் முக்கியம். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப்போய்க் கேட்கும் வழக்கம் இல்லை. (இன்றைக்கும் எத்தனை இடத்தில் கேட்கிறார்கள் என்பது தனிக் கதை.)

1910-ல் லண்டன் போயிருந்தபோது, பிலடெல்பியாவைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் எட்வர்ட் மார்ட்டினிடம் குதிரை வண்டிப் பயணத்தில் இந்த யோசனையைச் சொன்னார். அந்தப் பேச்சில் இருந்துதான், 1913-ல் உருவான அமெரிக்க அறுவை சிகிச்சையாளர் கல்லூரியின் விதை விழுந்தது. மருத்துவமனைகளின் தரத்தை நிர்ணயிக்கும் குழுவுக்குக் காட்மனே தலைவர் ஆனார்.

சொந்த ஆஸ்பத்திரியில்தான் சிக்கல். அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி. யாருடைய நோயாளிகள் நன்றாகக் குணமாகிறார்கள் என்ற கணக்கே கிடையாது. கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1914-ல் ராஜினாமா செய்தார். அதோடு விட்டாரா? தன் பத்து வருட விளைவுகள் மற்றவர்களுடையதைவிட மேல் என்று சொல்லி, தன்னையே தலைமை அறுவை சிகிச்சை நிபுணராக நியமிக்கும்படி எழுதினார். இல்லை என்றால், மற்றவர்கள் தங்கள் கணக்கைக் காட்ட வேண்டும் அல்லவா? பதில் வரவில்லை.

நெருப்புக்கோழிப் படம்

1915 ஜனவரி 6. பாஸ்டன் மருத்துவ நூலகத்தில் உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் கூட்டம். அதன் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவர் காட்மன். நகர மேயரும் வந்திருந்தார். ஆஸ்பத்திரிகளின் திறமை பற்றிய பேச்சு முடியும் நேரத்தில் காட்மன் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்து காட்டினார்.

மணலுக்குள் தலையைப் புதைத்த ஒரு நெருப்புக்கோழி. அது பாஸ்டனின் பணக்காரப் பகுதியான பேக் பே. அது பின்காலால் எத்தித் தள்ளும் தங்க முட்டைகள் எல்லாம் டாக்டர்களுக்குப் போய்ச் சேருகின்றன. நோயாளிகளுக்கு உண்மையில் குணமாகிறதா என்று கணக்கு எடுத்தால் முட்டை வருவது நின்றுவிடுமோ என்று ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் ஹார்வர்டு தலைவரும் யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கூட்டத்தில் ரகளை. மறுநாள் பத்திரிகைகளில் செய்தி. சங்கத்தின் பிரிவுத் தலைவர் பதவி போனது, ஹார்வர்டில் ஆசிரியர் வேலையும் போனது. நோயாளிகளை அனுப்பிவந்த சக டாக்டர்கள் அனுப்புவதை நிறுத்தினார்கள்.

என் கருத்தைச் சொன்னால், படம் தேவையில்லாத குத்தல்தான். கேள்வி சரியாக இருந்தது, கேட்ட விதம் ஆட்களை விரட்டியது. அவரே வேண்டுமென்றே செய்த காரியம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஊரைக் கேட்ட கேள்வியை அவர் தன்னையும் கேட்டார். 1911-லேயே பாஸ்டனில் 12 படுக்கைகளோடு சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கியிருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். அதில் தானும் தன் சகாக்களும் செய்த தவறுகள் 123 என்று எண்ணி, அச்சடித்து, மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். பித்தப்பை ஆபரேஷன் ஒன்றில் தன் கை தவறிப் பித்தக்குழாயைக் கட்டிவிட்டதும், அந்த நோயாளி இறந்ததும்கூட அதில் இருக்கிறது. எந்த டாக்டர் இதைத் தன் காசில் அச்சடிப்பார்?

மதுரைக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நினைப்பு வரலாம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், எந்த டாக்டரின் ஆபரேஷனில் எவ்வளவு சிக்கல் வருகிறது, நோயாளிக்குப் பார்வை எவ்வளவு திரும்பியது என்று தொடர்ந்து கணக்கு எடுக்கிறார்கள். உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகும் விஷயங்களில் அதுவும் ஒன்று. காட்மன் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அமெரிக்காவில் அவருடைய கல்லூரி அவர் சொன்னதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. நோயாளியின் முடிவைக் கேட்பதை விட்டுவிட்டு, கட்டடம், கருவி, பதிவேடு இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்தக் குறைந்தபட்சச் சோதனையிலேயே, 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளில் 89 மட்டும்தான் தேறின. பெயர் வெளியே வந்தால் மானம் போகும் என்று, 1919-ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் உலையில் அந்தப் பட்டியலைப் போட்டு எரித்தார்கள். இன்று பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் மாட்டியிருக்கும் தரச்சான்று போர்டுகளின் பூர்வீகம் இதுதான்.

தோள்பட்டைக்குத் திரும்பிய கதை

1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரமே சிதறியபோது காட்மன் அங்கே போய் வைத்தியம் பார்த்தார். பிறகு ராணுவ சேவை. போர்க் காலத்தில் அவருடைய சின்ன ஆஸ்பத்திரி மூடப்பட்டது. 1920-ல் எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு பதிவேடு தொடங்கினார். அதிலும் அதே கேள்வி: யாருக்கு என்ன சிகிச்சை, எத்தனை நாள் உயிரோடு இருந்தார்? எலும்புப் புற்றுநோய் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு முக்கோண நிழலை இன்றும் டாக்டர்கள் காட்மன் முக்கோணம் என்றுதான் படிக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் 1900-களின் ஆரம்பத்தில் இருந்தே அவர் விடாமல் பார்த்துவந்தது தோள்பட்டை. 1934-ல் தோள்பட்டையைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தைச் சொந்தமாக வெளியிட்டார். மருத்துவப் புத்தகத்தின் முன்னுரையிலும் பின்னுரையிலும் தன் வாழ்க்கையையும் அந்தப் பழைய சண்டையையும் எழுதிவைத்தார். அந்தப் புத்தகத்தில்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயர் வருகிறது.

நோய் அதற்கு முன்பே தெரிந்ததுதான். பிரான்ஸின் டாக்டர் டூப்ளே 1872-லேயே இதை எழுதியிருக்கிறார். மயக்க மருந்து கொடுத்து மூட்டை வலுவாக அசைத்து விடுவிப்பது அவர் வழி. காட்மன் செய்தது, இதன் அடையாளங்களைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டியது. மெதுவாகத் தொடங்கும் வலி, மேல்கையின் வெளிப்பக்கத்தில் வலி, அந்தப் பக்கம் படுக்க முடியாமை, கையைத் தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் குறைந்துபோவது, ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதது. இன்றைய டாக்டரும் இந்த வரிசையைத்தான் பார்க்கிறார்.

பெயர் வைத்தவரே, இது இன்னதென்று வரையறுக்கவும், குணப்படுத்தவும், உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கவும் கஷ்டமான நோய் என்று ஒப்புக்கொண்டார். 1945-ல் நெவியாசர் என்ற டாக்டர், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதைக் காட்டினார். பை மாதிரி தளர்வாக இருக்க வேண்டிய உறை, தண்ணீரில் நனைத்த பருத்திச் சட்டை மாதிரிச் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் நீங்கள் தூக்கினாலும் கை வராது, இன்னொருவர் தூக்கிவிட்டாலும் வராது. தசைநார் கிழிந்திருந்தால் பெரும்பாலும் அடுத்தவர் தூக்கும்போது கை மேலே போகும். இந்த வித்தியாசம் முக்கியம்.

குனிந்து ஆட்டும் பயிற்சியின் சூட்சுமமும் எளிதுதான். நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினால் தோளின் தசைகள் இழுத்தாக வேண்டும், வலிக்கும். இடுப்பை வளைத்துக் குனிந்தால், தொங்கும் கை உடம்போடு 90 டிகிரிக்கு வந்துவிடுகிறது. தசை வேலை செய்யவில்லை, புவியீர்ப்பு வேலை செய்கிறது.

சரி, மேனுவல் தெரபி கேட்குமா?

பிசியோ உங்கள் தோள் எலும்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மேல்கை எலும்பின் உருண்டைத் தலையைப் பின்னோக்கியோ கீழ்நோக்கியோ மெல்ல நகர்த்துவதுதான் மேனுவல் தெரபி. ஆஸ்திரேலியாவின் மெய்ட்லாண்ட் வகுத்த முறையில் இதற்கு நான்கு படிகள். முதல் இரண்டு படிகள் வலியைத் தணிக்க, அடுத்த இரண்டு இறுக்கத்தை விடுவிக்க. சுளுக்கு எடுப்பது மாதிரி வெடுக்கென்று இழுப்பது இதில் கிடையாது.

காட்மனின் கேள்வியை இதற்கும் வைத்துப் பார்க்கலாம். நெதர்லாந்தில் 100 பேரை வைத்து 2006-ல் வெளியான ஆய்வில், அழுத்தமாகச் செய்த மேனுவல் தெரபி மென்மையானதைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் தந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் சிறியதுதான். அதே நாட்டில் 77 பேரை வைத்து 2004-ல் வந்த ஆய்வோ வேறு மாதிரி. வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி கொடுத்தவர்களில் 63 சதவீதம் பேர்தான் இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட இயல்புக்கு வந்தார்கள். வலி எல்லைக்குள் மட்டும் அசைக்கச் சொல்லி விட்டவர்களில் 89 சதவீதம். பிரிட்டனில் 503 பேரோடு நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், ஸ்டீராய்டு ஊசியோடு கூடிய பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைப்பது, துளை வழி ஆபரேஷன் மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் மூன்றிலும் முன்னேற்றம் இருந்தது, எதுவும் மற்றதைப் பெரிதாக மிஞ்சவில்லை.

ஆக, வலி உச்சத்தில் இருக்கும் முதல் சில மாதங்களில் அழுத்தி இழுப்பது வேண்டாம். அப்போது ஊசி, மென்மையான அசைவு, பெண்டுலம் போதும். வலி தணிந்து இறுக்கம் மட்டும் மிச்சமிருக்கும் கட்டத்தில் அழுத்தமான மேனுவல் தெரபிக்கு இடம் உண்டு. சுகர் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், குணமாகவும் நாளாகும். அவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்கள் சுகர் ஏறும், அதை முன்பே டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். எலும்பு பலவீனமான வயதானவர்களின் கையை முரட்டுத்தனமாக முறுக்கினால் எலும்பே உடையலாம். திடீரென்று இடது தோளில் வலியோடு நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தால் அது பிசியோ விஷயமே இல்லை, உடனே பெரியாஸ்பத்திரியோ எதுவோ, அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பத்து நாள் பேக்கேஜ், இருபது நாள் பேக்கேஜ் என்று பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யலாம். முதல் நாள் கை எத்தனை டிகிரி தூக்குகிறது, எத்தனை டிகிரி வெளியே திரும்புகிறது என்று பிசியோவை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல பிசியோக்கள் கேட்காமலே எழுதுவார்கள். நான்கு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் நகரவே இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். இந்த நோய் ஒன்று முதல் மூன்று வருடம் வரை இழுக்கலாம் என்பதால் பொறுமையும் வேண்டும். காட்மன் தன் நோயாளிகளிடம் பயப்பட வேண்டாம், இது குணமாகும் என்று நம்பிக்கையாகவே சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகள் அதில் சின்னத் திருத்தம் செய்தன: பெரும்பாலோருக்குக் கை திரும்பிவிடுகிறது, சிலருக்குக் கொஞ்சம் வலியும் இறுக்கமும் பல வருடம் மிச்சம் இருக்கிறது.

காட்மன் 1940 நவம்பர் 23-ல் தோல் புற்றுநோயால் இறந்தார். வேட்டையும் மீன்பிடியும் அவருக்குப் பிடித்த பொழுதுபோக்குகள். கஷ்டமான வருடங்களில் எல்லாம் மனைவி கேத்தரின் கூடவே இருந்தார். மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவரை வைத்த இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2014-ல்தான் அறுவை சிகிச்சையாளர் கல்லூரியும் மற்ற சில அமைப்புகளும் சேர்ந்து அங்கே ஒரு கல் நட்டன.